ஒத்தையா, ரெட்டையா?

கைபேசித் திரை முழுக்க வெள்ளை. மேலே ஒரு கறுப்புச் சட்டம், நடுவில் ஓட்டையோடு, கண்ணாடி போட மறந்த சன்னல் மாதிரி. கீழே இரண்டே துண்டுகள்: ஒரு பெரிய கறுப்புச் சதுரம், ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. நேரத்தை எண்ணும் கடிகாரமும் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. இந்த இரண்டை வைத்து அந்தச் சட்டத்தை உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியதை இழுத்து நடுவில் விட்டாயிற்று. சின்னதைத் தூக்கி அதன் மேல் வைக்கும்போது, கறுப்பின் மேல் கறுப்பு வைத்தால் கறுப்பாகத்தானே இருக்கும் என்று ஒரு நொடி சந்தேகம் வரும். விரலை எடுத்ததும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பட்ட இடம் வெளுத்துவிடுகிறது. ஓட்டை தயார். அடுத்த புதிர் வந்துவிடுகிறது.

வடிவத்தின் மேல் வடிவத்தை ஏற்றி விளையாடும் கைபேசிப் புதிர்களின் அடிப்படை இதுதான். ஒரு முறை மூடிய இடம் கறுக்கும். இரண்டு முறை மூடினால் வெளுக்கும், மூன்றாவது முறை மூடினால் மறுபடி கறுக்கும். விதியை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. முதல் இரண்டு புதிரைப் போட்டதுமே விரலுக்கு அது தெரிந்துவிடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்த விதி புதிதல்ல. வானம் பார்த்த கரிசல் பூமியில் வெயில் தாழ்ந்ததும் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் தலைமுறை தலைமுறையாக நடந்த ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கைநிறையப் புளியமுத்தை அள்ளி மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்பார். எதிரே இருப்பவர் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். கையைத் திறந்து முத்துகளை இரண்டிரண்டாகத் தள்ளுவார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சினால் ஒத்தை, மிஞ்சாவிட்டால் ரெட்டை. கைக்குள் ஏழு இருந்ததா, பதினேழு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மிச்சம் உண்டா இல்லையா என்பதுதான் பேச்சு.

திரையில் நடப்பதும் அதே கணக்கு. ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் எத்தனை வடிவம் படுத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. ஒத்தை என்றால் கறுப்பு, ரெட்டை என்றால் வெள்ளை. ஒன்றும் படாத இடமும் ரெட்டைக் கணக்கில்தான் சேரும். சுழியும் இரட்டைப்படை எண்தானே. தமிழில் இந்தச் சுழி என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்! பூஜ்யம் அது, ஆற்றில் தண்ணீர் சுற்றும் இடம் அது, எழுத்தின் வளைவும் கோலக் கம்பியின் வளைவும் அதுவே. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர், ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ஊரான திருச்சுழி, தன் பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்திருக்கிறது.

கணினிக்காரர்கள் இந்த விதியை எக்ஸார் என்பார்கள். இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் ஆம். இரண்டும் இருந்தாலும் இல்லை, இரண்டும் இல்லாவிட்டாலும் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் இயல் 'கண மொழி'. அதில் சேர்ப்பு, வெட்டு இரண்டையும் படித்த பிறகு வரும் 'சமச்சீர் வித்தியாசம்' என்பது சாட்சாத் இந்த ஆட்டம்தான். இரண்டு வட்டங்கள் பாதி ஏறி நிற்கும். பொதுவான நடுப்பகுதியை விட்டுவிட்டு இரண்டு ஓரத்தையும் பென்சிலால் தீட்ட வேண்டும். இப்படி வட்டங்களை ஏற்றிக் காட்டும் முறையை ஜான் வென் என்ற ஆங்கிலேயர் 1880இல் வெளியிட்டார். அதனால்தான் வென்படம் என்கிறோம். பள்ளியில் பலருக்கும் அது தீட்டி முடித்து மதிப்பெண் வாங்கும் படமாகவே நின்றுபோகிறது. அதே படத்தைக் கையால் நகர்த்தவிட்டால் அது விளையாட்டாகிவிடும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் இந்த வகைப் புதிரை ஒரு பாடவேளைக்கு வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்க்க வேண்டும். பலகையில் அரை மணி நேரம் விளக்குவதை விரல் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் புதிர்களை எப்படிப் போடுவது? முதலில் கணக்குப் பண்ணலாம். நாலுக்கு நாலு சதுரத்தில் 16 கட்டம், மூன்றுக்கு மூன்று சதுரத்தில் 9 கட்டம். இரண்டும் ஒரு மூலையில் 4 கட்டம் ஏறி நின்றால் கறுப்பாகத் தெரிவது எத்தனை? பதினாறையும் ஒன்பதையும் கூட்டி, ஏறிய நான்கை இரண்டு முறை கழிக்க வேண்டும். 17. ஒரு முறை கழித்தால் போதாதா என்று தோன்றும். ஏறிய பகுதி இரண்டு வடிவத்திலிருந்தும் காணாமல் போகிறது, அதனால் இரண்டு கழித்தல். இதில் ஒரு ரகசியமும் ஒளிந்திருக்கிறது. கழிப்பது எப்போதும் இரட்டைப்படை என்பதால், துண்டுகளின் மொத்தக் கட்டம் ஒத்தை என்றால் கடைசிப் படத்திலும் கறுப்புக் கட்டம் ஒத்தையாகவே இருக்கும். எங்கே நகர்த்தினாலும் அது மாறாது.

அடுத்தது மூலை பார்ப்பது. காட்டிய படத்தில் வெளியே துருத்தி நிற்கும் மூலை ஏதாவது ஒரு துண்டின் மூலையாகத்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டு, அங்கிருந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டே போகலாம். புதிர் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் இரண்டு துண்டுகளின் விளிம்பை ஒரே கோட்டில் ஒட்டவைத்து விடுவார்கள். விளிம்புகள் ஒன்றையொன்று தின்றுவிட, மூலை இருந்த தடமே இருக்காது. நல்ல புதிரில் ஆட்டக்காரர் மாட்டிக்கொண்டு முழிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வட்டத்துக்கு வந்தால் பிறைநிலா ஆசை வரும். ஒரே அளவில் இரண்டு வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி ஏற்றினால் ஒரு பிறை கிடைக்காது, ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பிறை வந்துவிடும். ஒற்றைப் பிறை வேண்டுமென்றால் சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்கு உள்ளேயே, அதன் விளிம்பை ஒரே ஓர் இடத்தில் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும். முக்கோணம் இன்னும் அழகு. சம பக்க முக்கோணம் இரண்டை, ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைக் கவிழ்த்தும் ஏற்றினால் நட்சத்திரம் வருகிறது. முருகன் சக்கரத்தில் பார்க்கும் அதே ஆறுமுனை நட்சத்திரம். விதிப்படி நடு அறுகோணம் வெளுத்து, ஆறு சின்ன முக்கோணங்கள் சுற்றி நிற்கும். ஒவ்வொரு பெரிய முக்கோணமும் ஒன்பது சின்ன முக்கோணத்துக்குச் சமம், ஏறிய இடம் ஆறு. ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு, அதில் பன்னிரண்டு போக மீதி ஆறு. கணக்கு சரியாக வருகிறது.

துண்டுகளை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது இதில் பொருட்டே இல்லை. முதலில் வட்டம், பிறகு சதுரம் என்றாலும் ஒன்றுதான், மாற்றினாலும் ஒன்றுதான். ஒரே துண்டை ஒரே இடத்தில் இரண்டு முறை வைத்தால் வைக்காததற்குச் சமம். இந்த இரண்டு குணத்தையும் வைத்து உலகம் முழுக்க ஓடிய பொம்மை ஒன்று உண்டு. 1995இல் டைகர் எலக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற 'லைட்ஸ் அவுட்'. ஐந்துக்கு ஐந்தாக 25 பொத்தான்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு. ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவும், மேலே, கீழே, இடம், வலம் என்று பக்கத்தில் ஒட்டியவையும் நிலை மாறும். எரிவது அணையும், அணைந்தது எரியும். எல்லாவற்றையும் அணைத்தால் ஜெயம். அமுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டல்குறி வடிவத்தைப் பலகையின் மேல் ஏற்றுகிறோம் என்று பார்த்தால், அதுவும் வடிவம் ஏற்றும் புதிரே. விளக்குகள் 3 கோடியே 35 லட்சத்து 54 ஆயிரத்து 432 விதமாக எரியலாம். அவற்றில் சரியாகக் கால்வாசி நிலைகளைத்தான் முழுக்க அணைக்க முடியும். அணைக்க முடிகிற எதற்கும் 15 அமுக்கல் போதும்.

இனி அருப்புக்கோட்டைத் தெருவுக்குள் போவோம். மல்லிகைக்கும் நெசவுக்கும் பேர் போன ஊர் அது. தறி ஓடும் வீட்டுக்குள் நுழைந்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது என்றால் என்ன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். மிதியை மிதிக்க ஒன்றுவிட்டு ஒன்று மேலே எழும்ப, நடுவில் திறந்த வழியில் நாடா ஓடி ஊடையை விட்டுவிட்டுப் போகும். அடுத்த மிதியில் கீழே இருந்தவை மேலே வரும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே. கட்டம் போட்ட துணியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சேரும் கட்டத்தில் முழுச் சிவப்பு. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் முழு வெள்ளை. சிவப்பும் வெள்ளையும் குறுக்கிடும் கட்டத்தில் மட்டும் கடுகைவிடச் சின்னதாய்ச் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மாறி மாறி நிற்கும். எட்டி நின்றால் இளஞ்சிவப்பு.

சாயப்பட்டறையிலிருந்து வந்தது இரண்டே நிறம், துணியில் தெரிவது மூன்று. பாவிலும் ஊடையிலும் ஒரே வரிசையில் மூன்று நிறம் போட்டால் ஆறு நிறக் கட்டம் கிடைக்கும், நான்கு போட்டால் பத்து. நெசவாளர் இதைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதில்லை. பாவில் எந்த நிறம் எத்தனை இழை என்று முடிவு செய்யும்போதே முழுத் துணியும் அவர் மனசுக்குள் விரிந்துவிடுகிறது. மயில்கழுத்து நிறச் சேலை என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். துணி மடியும்போது ஒன்று தூக்கலாகத் தெரியும், விரியும்போது மற்றது தெரியும். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகின்றன.

தறியில் ஏறினால் நிறம் பாதிப் பாதியாகக் கலக்கிறது. அதே விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்குப் போனால் வேறு விதி. அங்கே அச்சகங்களில் ஆப்செட் எந்திரம் நான்கு மையை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறது: சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. மஞ்சள் மேல் சையான் விழுந்தால் பச்சை. மஞ்சள் மேல் மெஜந்தா விழுந்தால் சிவப்பு. ஏற ஏற இருட்டிக்கொண்டே போகும், ஒருநாளும் வெளுக்காது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் முருகனை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் மயிலின் பச்சை முழுக்க நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகளாய்ச் சிதறி நிற்பது தெரியும். நான்கு தகடும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகத் தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் கூட்டல்குறி அச்சடித்திருப்பார்கள். ரெஜிஸ்டர் எனப்படும் இந்தப் பொருத்தம் விலகினால் முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும்.

ஆக, ஏற்றினால் கலப்பது துணி, ஏற்றினால் இருள்வது அச்சு, ஏற்றினால் மறைந்து மறைந்து தோன்றுவது கைபேசிப் புதிர். நிஜ உலகத்தில் எந்தப் பொருளும் மூன்றாவதைப் போல நடந்துகொள்வதில்லை என்று சொல்லத் தோன்றும். மார்கழிக் காலையில் வாசலைப் பார்க்கும்வரை.

சாணம் தெளித்த தரையில் புள்ளி வைத்து, கம்பியிழுத்துப் போடும் சிக்குக் கோலத்தில் நிறம் கிடையாது. வெள்ளை மாவுக் கோடு மட்டும்தான். கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னையே பல இடத்தில் வெட்டிக்கொண்டு, கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். இப்போது ஒரு குச்சியை எடுத்து, கோலத்துக்கு வெளியிலிருந்து உள்ளே ஏதாவது ஓர் அறைவரை நேராக நகர்த்திக்கொண்டே எத்தனை கோட்டைத் தாண்டுகிறோம் என்று எண்ணினால் போதும். எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் ஓர் அறைக்கு விடை ஒத்தை என்றால் ஒத்தைதான், ரெட்டை என்றால் ரெட்டைதான். கோடுகள் வெட்டிக்கொள்ளும் முனை வழியாகப் போனால் அதை இரண்டாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒத்தை அறைகளுக்கு மட்டும் காவி தூவினால், கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே நிறம் எங்கேயும் வராது. கோலம் முழுக்கச் சதுரங்கக் கட்டம் போலச் சிவப்பும் தரையுமாகப் பிரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. வழக்கமான சிக்குக் கோலத்தில், நேர்ப்புள்ளியோ இடுக்குப்புள்ளியோ, புள்ளி உட்கார்ந்திருக்கும் அறை ஒவ்வொன்றும் ஒத்தை. புள்ளியில்லாத இடைவெளி ஒவ்வொன்றும் ரெட்டை. அடுத்த முறை வாசல் கடக்கும்போது எண்ணிப் பார்க்கலாம். கோலம் போடுகிறவர் இதற்காகக் கணக்குப் போடுவதில்லை. புள்ளியை மூடி வளைக்க வேண்டும், கம்பி அறுபடக் கூடாது என்ற இரண்டு கட்டுப்பாட்டிலிருந்து அது தானாக விளைகிறது.

கணினியும் இதே குச்சியைத்தான் வைத்திருக்கிறது. சிக்கலான கோட்டுப் படம் ஒன்றுக்கு எங்கே நிறம் நிரப்புவது, எங்கே காலியாக விடுவது என்று தெரியாதபோது, புள்ளியிலிருந்து வெளியே ஒரு கற்பனைக் கோட்டை விட்டு, எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒத்தை என்றால் நிரப்பு, ரெட்டை என்றால் விடு. வரைகலை மென்பொருள்களில் இன்றும் இருக்கும் ஒற்றை இரட்டை விதி இது. நாம் தொடக்கத்தில் பார்த்த ஓட்டை விழுந்த சட்டமும் இதனால் வந்ததே.

கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் முறையாகக் கொண்டுபோனவர்கள் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன். 1974இல் மூவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, கோலங்களை உண்டாக்கும் விதிகளை ஒரு மொழியின் இலக்கணம் போல எழுதிக் காட்டியது. சின்னக் கோலத்திலிருந்து அதே குடும்பத்துப் பெரிய கோலம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இலக்கணம். பின்னாளில் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 2002இல் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் கோலத்தைப் பற்றி எழுதி உலக வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். தாம்பரத்தில் தொடங்கிய இந்த வேலை தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்பது வருத்தமான விஷயம். கணிப்பொறி வகுப்பில் கோலத்திலிருந்து தொடங்கினால், கணிப்பொறியின் மொழி வெளியூரிலிருந்து இறக்குமதியானது என்ற பயம் பாதி போய்விடும்.

கண்ணின் பங்கையும் சொல்ல வேண்டும். காய்தானோ கனீட்சா என்ற இத்தாலிய உளவியலாளர் 1955இல் ஒரு படத்தை வெளியிட்டார். மூன்று கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் தோசையில் ஒரு துண்டைப் பிய்த்தது போலக் கூம்பாக வெட்டு. வெட்டுகள் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி. பார்க்கிற எல்லோருக்கும் நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை முக்கோணம் தெரியும், அதன் விளிம்புகூடத் தெரியும். அங்கே முக்கோணம் எதுவும் வரையப்படவில்லை. ஒன்றின் மேல் இன்னொன்று மறைத்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மூளை, மூன்று வட்டத்தின் மேல் முக்கோணம் கிடக்கிறது என்று தானே முடிவு கட்டிவிடுகிறது. ஏற்றும் புதிர்களில் நாம் தடுமாறுவதும் இங்கேதான். வெளுத்த இடத்தைப் பார்த்ததும் அது வெட்டி எடுத்த ஓட்டை என்று மூளை சொல்கிறது. உண்மையில் அது இரண்டு மடங்கு மூடிய இடம். அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கத் தெரிந்தவர் வேகமாகப் போடுகிறார்.

எழுத்தில்லாத, ஆரவாரமில்லாத இந்த மாதிரிக் கைபேசிப் புதிர்கள் ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தாமஸ் பௌக்கர் 2014இல் 'லைன்' என்ற புதிரைக் கொண்டுவந்தார். ஒரே மாதிரி வடிவங்களைக் கோடு வெட்டிக்கொள்ளாமல் இணைக்க வேண்டும். போலந்தின் மாசியே தார்கோனி செய்த 'ஹூக்' புதிரில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய கொக்கிகளைச் சரியான வரிசையில் உருவ வேண்டும். மொத்தம் 50 புதிர், விளக்கம் ஒரு சொல் கிடையாது. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸ்தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஏழே வடிவம், ஒவ்வொன்றும் நான்கு சதுரம். அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே கூடாது, இடம் விடாமல் பொருந்த வேண்டும். ஏற்றும் புதிரோ அந்தத் தடையையே விதியாக மாற்றிக்கொண்டது.

எழுத்தில்லாததால் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர், தமிழ் மட்டும் தெரிந்தவர், இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்காத பிள்ளை, மூவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்பதால் நிறக்குருடு உள்ளவருக்கும் குறையில்லை. கடிகாரம் இல்லாததால் அறுபது வயதுக்காரர் பேரனோடு சமமாக ஆடலாம். ஆடு புலி ஆட்டத்துக்கு மூன்று புலியும் பதினைந்து ஆடும் தரையில் கீறிய கோடும் போதும். தோற்றவர் எழுந்து போனால் அடுத்தவர் உட்காருவார். அதே சிக்கனம் இதிலும். கெடுப்பது விளம்பரம்தான். இலவசமாகக் கிடைக்கும் புதிர்கள் பலவற்றில் ஒரு படம் முடிந்து அடுத்தது வருமுன் முப்பது நொடி கூச்சல் நுழைகிறது. அமைதியாக யோசிக்கவென்று செய்த பொருளுக்குள் அதைத் திணிப்பது, கோலத்தின் நடுவில் செருப்போடு நடப்பது போல. காசு கொடுத்து வாங்கும் பதிப்பு இருந்தால் அந்தச் சின்னத் தொகையைக் கொடுத்துவிடுவதே நல்லது. செய்தவருக்கும் போய்ச் சேரும்.

கைபேசியே இல்லாமலும் இதை ஆடலாம். சாக்கட்டியால் திண்ணையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு, ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியமுத்து எடுத்துக்கொண்டால் ஆயிற்று. துண்டு ஒன்றே ஒன்று: மூன்றுக்கு மூன்று சதுரம், அதாவது ஒன்பது கட்டம். சதுரத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்ததும், அந்த ஒன்பது கட்டத்தையும் தொட வேண்டும். காலியாக இருந்தால் ஒரு முத்தை வை. முத்து இருந்தால் எடுத்துவிடு.

முதல் சதுரத்தை மேல் இடது மூலையில் வைக்கலாம். ஒன்பது முத்து. அடுத்ததை மேல் வலது மூலையில். நடுப்பத்தியின் மேல் மூன்று கட்டமும் இரண்டு சதுரத்துக்கும் பொது என்பதால் அங்கிருந்த முத்து கைக்கு வந்துவிடும், பலகையில் பன்னிரண்டு. மூன்றாவது, நான்காவது சதுரங்களைக் கீழே இரண்டு மூலையிலும் வைத்தால், நடுவில் கூட்டல்குறியாக ஒன்பது கட்டம் காலியாகி, நான்கு மூலையிலும் நான்கு நான்காக மொத்தம் பதினாறு முத்து நிற்கும். முப்பத்தாறு கட்டத்தைத் தொட்டிருக்கிறோம், மிஞ்சியது பதினாறு. இனி ஐந்தாவது சதுரம், சரியாக நடுவில். நான்கு மூலைக் குவியலிலும் உள்பக்கத்து முத்து ஒவ்வொன்று எழும்பும். காலியாக இருந்த நடுவில் ஐந்து முத்து வந்து உட்காரும். மூலைக்கு மூன்று, நடுவில் கூட்டல்குறியாக ஐந்து. ஐந்து ஒன்பது நாற்பத்தைந்து, அது ஒத்தை. தரையில் நிற்பது பதினேழு, அதுவும் ஒத்தை.

இப்படி வைத்துக்கொண்டே போவது சுலபம். கைபேசிப் புதிர் கேட்பது தலைகீழ்க் கேள்வியை. பதினேழு முத்தை மட்டும் தரையில் பரப்பிவிட்டு ஒருவர் எழுந்து போய்விட வேண்டும். வந்து உட்காருகிறவர் அதைப் பார்த்து, அந்தச் சதுரங்கள் எத்தனை, எங்கெங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். மூலை முத்திலிருந்து ஒருவர் பிடிப்பார், நடுக் கூட்டல்குறியிலிருந்து இன்னொருவர் பிடிப்பார். நடுச் சதுரத்தை முதலில் வைத்து மூலைகளைப் பின்னால் வைத்தாலும், எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும், கடைசியில் திண்ணையில் நிற்பவை அதே இடத்தில் அதே பதினேழு புளியமுத்துதான்.